கம்ப்யூட்டருக்கு ஏன் மூச்சு வாங்குகிறது?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் நம்மில் பலருக்கும் வருகிற சந்தேகம் இது. ஆன் செய்தவுடன் உள்ளே இருக்கும் ஃபேன் "விர்ர்" என்று ஒரு முறை இரைந்துவிட்டு அடங்குகிறது. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு ஒன்றும் செய்யாமலே திடீரென்று இரைகிறது, அரை நிமிடத்தில் அடங்குகிறது, மறுபடியும் இரைகிறது. ஒரே மாதிரி சத்தம் என்றால் காது பழகிவிடும். ஏறி இறங்கும் சத்தம் பழகாது. உடனே தெரிந்த ஒருவருக்குப் போன் செய்து, "இதை எப்படி நிறுத்துவது?" என்று கேட்கிறோம்.

அந்தக் கேள்வியே தவறு என்பது என் கருத்து. "இது ஏன் ஏறி இறங்குகிறது?" என்பதுதான் முதலில் கேட்க வேண்டியது. இந்த வித்தியாசத்தை நான் என் தங்கையின் செலவில் கற்றுக்கொண்டேன்.

எங்கள் ஊர் ஒரத்தநாடு பக்கம். ஆன்லைன் வகுப்புகள் நடந்த 2021ல் தங்கைக்கு ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுத்தேன். இன்டெல் கோர் ஐ3-10100 ப்ராசஸர், அதனுடன் பெட்டியிலேயே வரும் ஃபேன், 8 ஜி.பி. ராம், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. சென்னை ரிச்சி தெருவில் பாகங்களை வாங்கி, வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஒரு பிற்பகலில் மாட்டி முடித்தேன். படிப்புக்கு அது போதும், போதுமானதாகவும் இருந்தது.

2023 பிப்ரவரியில் தங்கை போன் செய்தாள். "அண்ணா, கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்குது. கொஞ்ச நேரம் சும்மா இருக்கு, அப்புறம் மாடு மாதிரி இரையுது." அந்த மாதத் தொடக்கத்தில்தான் அறுவடை நேரத்தில் மழை பெய்து டெல்டா முழுக்க சம்பா நெல் நனைந்திருந்தது. நனைந்த நெல்லை எல்லோரும் ரோட்டில் கொட்டிக் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டு வாசலும் ரோடுதான். இதையெல்லாம் நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. சென்னையில் அலுவலக வேலைக்கு நடுவே, "டெலிட் கீயை அழுத்தி பயாஸுக்குள் போ, ஃபேன் செட்டிங்கில் சைலன்ட் என்று இருக்கும், அதைத் தேர்ந்தெடுத்துச் சேவ் பண்ணு" என்று இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்தேன். சத்தம் நின்றுவிட்டது. "சூப்பர் அண்ணா" என்று மெசேஜ் அனுப்பினாள். எனக்கும் பெருமையாக இருந்தது.

மூன்று வாரம் கழித்து அவளுக்கு ஒரு நிறுவனத்தின் ஆன்லைன் தேர்வு. இறுதியாண்டு மாணவர்களை வேலைக்கு எடுக்கும் தேர்வு அது. வீட்டிலிருந்தே எழுதலாம், ஆனால் கேமரா ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நாற்பதாவது நிமிடத்தில் கேள்விப் பக்கம் நகரவில்லை. மவுஸ் திக்கித் திக்கி நகர்ந்தது, கேமராப் படம் உறைந்துவிட்டது. தேர்வு மென்பொருள் அவள் எழுந்து போய்விட்டாள் என்று முடிவு செய்து பக்கத்தை மூடிவிட்டது. மறு வாய்ப்பு கேட்டு மெயில் அனுப்பினோம். கிடைக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போய் கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றினேன். ப்ராசஸர் மேல் இருக்கும் ஹீட் சிங்க்கின் அலுமினிய இதழ்களுக்கு நடுவே ஒரு கம்பளி நெய்தது போலத் தூசி. தொட்டவுடன் விரல் அரித்தது. நெல் தூற்றியவர்களுக்கு அந்த அரிப்பு தெரியும். அது சுணை. வீட்டுத் தூசியோடு நெல் சுணையும் உமித் தூளும் வைக்கோல் பொடியும் சேர்ந்து அடைத்திருந்தன. அதைவிட மோசமான ஒன்றும் இருந்தது. இன்டெல் ஃபேனை மதர்போர்டில் பிடித்திருக்கும் நான்கு பிளாஸ்டிக் ஆணிகளில் ஒன்று முழுதாக இறங்காமல் மேலே தூக்கிக்கொண்டிருந்தது. அது 2021ல் நான் "டிக்" சத்தம் வரும்வரை அழுத்தாத ஆணி.

சும்மா இருக்கும்போதே 68 டிகிரி காட்டியது. வீடியோ கால் ஒன்றைத் திறந்தேன், ஒரு நிமிடத்துக்குள் 100. இந்த ப்ராசஸருக்கு 100 டிகிரிதான் எல்லை. அதைத் தொட்டால் அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 3.6 கிகாஹெர்ட்ஸில் ஓட வேண்டியது என் கண் முன்னால் 1.2க்கு இறங்கியது. தேர்வன்று நடந்ததும் இதுவாகத்தான் இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் கெட்டுப் போகவில்லை. இயந்திரம் சொல்லிக்கொண்டிருந்ததை நான் வாயை மூடச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.

இரவில் போர்செட் மோட்டார் ஓடும்போது அப்பா நன்றாகத் தூங்குவார். அதன் சத்தம் மாறினால் அடுத்த நொடி எழுந்து உட்காருவார். காற்றை இழுக்கிறதா, ஒரு பேஸ் போய்விட்டதா, பெல்ட் நழுவுகிறதா என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்ப் பார்ப்பார். காதில் பஞ்சை வைத்துக்கொண்டு படுத்ததில்லை. பொறியியல் படித்த நான்தான் அதைச் செய்தேன்.

சரி, ஃபேன் ஏன் ஏறி இறங்குகிறது? பழைய கம்ப்யூட்டர்களில் ஃபேன்கள் பெரும்பாலும் ஒரே வேகத்தில் சுற்றின. ப்ராசஸர்களின் சூடு கூடக் கூட, எப்போதும் முழு வேகத்தில் சுற்றினால் வீட்டில் உட்கார முடியாது என்ற நிலை வந்தது. 2004ல் எல்.ஜி.ஏ. 775 சாக்கெட்டோடு இன்டெல் நான்கு ஒயர் ஃபேன்களைக் கொண்டு வந்தது. இரண்டு ஒயர் மின்சாரத்துக்கு, மூன்றாவது "நான் இத்தனை சுற்று சுற்றுகிறேன்" என்று மதர்போர்டுக்குச் சொல்ல, நான்காவது "இத்தனை வேகத்தில் சுற்று" என்று மதர்போர்டு கட்டளையிட. ப்ராசஸருக்குள் இருக்கும் வெப்ப உணரி சொல்வதைக் கேட்டு மதர்போர்டு இந்தக் கட்டளையை மாற்றிக்கொண்டே இருக்கிறது. ஆக, ஏறி இறங்குவது கோளாறு அல்ல, அது அப்படி வேலை செய்யத்தான் வடிவமைக்கப்பட்டது. ஃபேன் வேகம் இரண்டு மடங்கானால் சத்தம் ஏறத்தாழ 15 டெசிபல் கூடும். அதனால்தான் வேகம் மாறுவது காதில் இவ்வளவு பளிச்சென்று விழுகிறது.

அப்படியானால் எது இயல்பு, எது கோளாறு என்று எப்படிப் பிரிப்பது? சத்தம் ஏறும் நேரத்தில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று கீகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் சி.பி.யூ. என்ற இடத்தில் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். திறந்த நொடியில் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும், பத்து வினாடி பொறுங்கள். 60, 70 என்று நின்றால் ஏதோ ஒரு வேலை உள்ளே நடக்கிறது. விண்டோஸ் அப்டேட், ஆன்டிவைரஸ் சோதனை, இருபது டேப் திறந்து வைத்த பிரவுசர் என்று எதுவாகவும் இருக்கலாம். புதுக் கம்ப்யூட்டரில் முதல் சில நாட்கள் அப்டேட்டுகளும் கோப்புகளை அட்டவணைப்படுத்தும் வேலையும் பின்னணியில் ஓடுவது சகஜம். இதற்காக யாரும் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். ஆனால் சி.பி.யூ. 3 சதவீதம் என்று காட்டுகிறது, ஃபேனோ இரைகிறது என்றால் தகட்டைக் கழற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

இதில் வேடிக்கையான ஒன்று உண்டு. 2019 ஜூலையில் ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 3000 வரிசை வந்தபோது, சும்மா இருக்கும்போதே வோல்டேஜும் வெப்பமும் எகிறுகின்றன என்று உலகம் முழுக்கப் புகார் எழுந்தது. அடிக்கடி வெப்பத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும் கண்காணிப்பு மென்பொருள்களே ப்ராசஸரைத் தட்டி எழுப்பிவிடுகின்றன என்று ஏ.எம்.டி. விளக்கம் தந்தது. பிறகு சிப்செட் டிரைவரிலும் மாற்றம் செய்தது. தூங்குகிறாயா என்று நிமிடத்துக்கொரு தரம் கேட்டால் யார்தான் தூங்க முடியும்? ஆகவே வெப்பம் பார்க்கும் மென்பொருளை நாள் முழுக்கத் திறந்து வைக்காதீர்கள். பார்த்துவிட்டு மூடிவிடுங்கள்.

வெப்ப அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. சும்மா இருக்கும்போது 30லிருந்து 40 டிகிரி இருக்க வேண்டும் என்று ஆங்கிலக் குறிப்புகள் சொல்லும். அவை குளிர்ந்த ஊரில் எழுதப்பட்டவை. சித்திரை, வைகாசியில் நம் அறையே 35 டிகிரியைத் தொடுகிறது. ஃபேன் என்ன செய்தாலும் அறையைவிடக் குளிர்ச்சியாக ப்ராசஸரை வைக்க முடியாது. அறை வெப்பத்தைவிட 10 முதல் 15 டிகிரி கூடுதல் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. 30 டிகிரிக்கு மேல் கூடுதல் என்றால் கவனிக்கவும்.

எங்கள் பக்கம் இதற்கெல்லாம் ஒரே காரணம் சொல்வார்கள்: "கரண்ட் சரியில்லை". பாசன நேரத்தில் மோட்டார்கள் ஓடினால் வீட்டில் வோல்டேஜ் இறங்கும், உத்தரத்து ஃபேன் ஊர்ந்து சுற்றும். அதைப் பார்த்து கம்ப்யூட்டர் ஃபேனும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். அது சரியல்ல. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் எஸ்.எம்.பி.எஸ்., வெளியே வோல்டேஜ் ஏறி இறங்கினாலும் உள்ளே 12 வோல்ட்டைக் கிட்டத்தட்ட மாறாமல் கொடுக்கும்படி செய்யப்பட்டது. 5 சதவீதம் கூடக் குறைய மட்டும் அதற்கு அனுமதி. வோல்டேஜ் மிகவும் இறங்கினால் கம்ப்யூட்டர் ஆஃப் ஆகும் அல்லது ரீஸ்டார்ட் ஆகும். உத்தரத்து ஃபேன் போல மெதுவாகச் சுற்றாது. யூ.பி.எஸ்.ஸில் ஓடும்போது சில வீடுகளில் "உம்ம்" என்று ஒரு ரீங்காரம் கேட்கும். அது எஸ்.எம்.பி.எஸ். எழுப்பும் சத்தம், ஃபேனுடையது அல்ல. இந்தக் குழப்பத்தில் ஸ்டெபிலைசர் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். ஸ்டெபிலைசர் வந்த பிறகும் சத்தம் அப்படியே இருந்தது.

எந்த ஃபேன் சத்தம் போடுகிறது என்று கண்டுபிடிப்பது இன்னும் எளிது. ஒரு நோட்டுத் தாளைக் குழல் போலச் சுருட்டி ஒரு முனையைக் காதில் வையுங்கள், மறு முனையைக் கேபினட்டின் பின்புறம், முன்புறம், பக்கம் என்று நகர்த்துங்கள். பின்னால் மின் ஒயர் செருகும் இடத்தில் சத்தம் என்றால் அது எஸ்.எம்.பி.எஸ். ஃபேன். அதைப் பெரும்பாலும் மதர்போர்டால் கட்டுப்படுத்த முடியாது, அதுவாகவே சூட்டைப் பார்த்துச் சுற்றும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் நீங்கள் திறக்க வேண்டாம். ஒயரைப் பிடுங்கிய பின்னும் அதன் கெப்பாசிட்டர்களில் ஷாக் அடிக்கும் அளவு மின்சாரம் தங்கியிருக்கும். கிராபிக்ஸ் கார்டு வைத்திருப்பவர்கள் இன்னொன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பல கார்டுகளில் 50, 60 டிகிரி வரும்வரை ஃபேன் சுற்றவே சுற்றாது. எல்லையைத் தாண்டினால் சுற்றும், குளிர்ந்தால் நிற்கும், மறுபடி சுற்றும். அது நோய் அல்ல.

தூசி எல்லாம் சுத்தம், வெப்பமும் சரி, ஆனாலும் பிரவுசர் திறந்தால் ஒரு "விர்ர்", மூடினால் அமைதி என்று இருந்தால் அப்போதுதான் பயாஸ் பக்கம் போக வேண்டும். இன்றைய ப்ராசஸர்களில் ஒரு சொடுக்கில் வெப்பம் 15 டிகிரி ஏறும், அடுத்த நொடி இறங்கும். மதர்போர்டு ஒவ்வொரு ஏற்றத்துக்கும் பதில் சொல்ல முயன்றால் ஃபேன் ஊசலாடத்தான் செய்யும். வாய்க்காலில் தண்ணீர் ஒரு விரல் ஏறினால் மடையைத் திறப்பதும், ஒரு விரல் இறங்கினால் அடைப்பதுமாக ஒருவன் நாள் முழுக்க மண்வெட்டியோடு நின்றால் எப்படி இருக்கும்? கொஞ்சம் பொறுத்துத் திற என்று சொல்ல வேண்டும். பயாஸில் ஃபேன் பகுதியில் ஸ்டெப் அப் டைம், ஸ்டெப் டவுன் டைம் என்று இருக்கும். ஏசஸ் போர்டில் அந்தப் பகுதியின் பெயர் க்யூ-ஃபேன், ஜிகாபைட், எம்.எஸ்.ஐ. போர்டுகளில் ஸ்மார்ட் ஃபேன். ஏறும் நேரத்தை மூன்று அல்லது நான்கு வினாடி ஆக்குங்கள், இறங்கும் நேரத்தை இன்னும் கொஞ்சம் கூட்டுங்கள். சில போர்டுகளில் இந்த வசதி குறைவாக இருக்கும். அப்போது ஃபேன் வளைகோட்டில் 60 டிகிரி வரை ஒரே வேகம் என்று வைத்துவிட்டாலும் பாதிப் பிரச்சினை தீரும். இதற்கும் சைலன்ட் என்று தேர்ந்தெடுப்பதற்கும் நிறைய வித்தியாசம். இங்கே ஃபேன் நிதானமாகப் பதில் சொல்கிறது, ஆனால் சூடு கூடினால் முழு வேகத்துக்குப் போகத் தயாராகவே இருக்கிறது.

கூடுதலாக ஒரு கேபினட் ஃபேன் வாங்கி மாட்டியவர்கள் அதன் முனையில் எத்தனை துளை என்று பாருங்கள். மூன்று துளை ஃபேனை நான்கு ஊசி இணைப்பில் செருகலாம், சுற்றும். ஆனால் பயாஸில் அந்த இணைப்பு பி.டபிள்யூ.எம். என்று இருந்தால் எப்போதும் முழு வேகத்தில் இரையும். டி.சி. என்று மாற்றினால் அடங்கும். திசையும் முக்கியம். தூற்றும்போது காற்றுக்கு எதிரே நின்று யாராவது தூற்றுவார்களா? முன் ஃபேன் காற்றை உள்ளே இழுக்க வேண்டும், பின் ஃபேன் வெளியே தள்ள வேண்டும். ஃபேனில் குறுக்குச் சட்டங்கள் உள்ள பக்கமாகத்தான் காற்று வெளியே வரும்.

இனி சுத்தம் செய்வது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை என்று பொதுவாகச் சொல்வார்கள். டெல்டாவில் நாட்காட்டியைப் பார்ப்பதைவிட வயலைப் பார்ப்பது நல்லது என்பேன். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12ல் திறந்தால் குறுவை செப்டம்பர், அக்டோபரில் அறுவடைக்கு வரும். சம்பாவும் தாளடியும் தை முதல் மாசி வரை. அந்த நாட்களில் அறுவடை மிஷின் கிளப்பும் தூசி, களத்திலும் கொள்முதல் நிலையத்திலும் நெல் தூற்றும் தூசி, ரோட்டில் காயும் நெல்லின் மேல் பஸ் ஓடிக் கிளம்பும் தூசி எல்லாம் வீட்டுக்குள் வரும். உமியை எரித்தால் மிஞ்சும் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, அதாவது மணலில் இருக்கும் அதே பொருள். அந்த உமித் தூளையும் சேர்த்துத்தான் உங்கள் ஃபேன் உறிஞ்சுகிறது. ஆகவே குறுவை அறுவடை ஓய்ந்த பின் ஒரு முறை, மாசி முடிவில் ஒரு முறை. முதலாவதற்கு நினைவூட்டல்கூட வேண்டாம். ஆயுத பூஜையை ஒட்டியே அது வருகிறது. அன்று கம்ப்யூட்டருக்கு வெளியே துடைத்து, சந்தனம் குங்குமம் வைப்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். உள்ளேயும் கொஞ்சம் துடைத்தால் சரஸ்வதி கோபித்துக்கொள்ள மாட்டாள்.

ஆஃப் செய்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து வினாடி அழுத்திப் பிடியுங்கள். கேபினட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். புதுப் பெயின்ட் பிரஷ் ஒன்றும் கையில் பிடிக்கும் சிறிய எலெக்ட்ரிக் புளோயரும் போதும். காற்று அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், விட்டால் கண்டபடி சுழன்று பேரிங் கெட்டுவிடும். கேபினட்டை பஞ்சர் கடைக்குத் தூக்கிப் போய் காற்று பிடிப்பவர்கள் எங்கள் ஊரில் உண்டு. கம்ப்ரஸர் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து வரும், வேண்டாம். வயலுக்கு மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயரைக் காலியாக ஓட்டிக் காற்று அடிக்கலாமே என்று என்னிடமே ஒருவர் கேட்டார். அதில் ஒட்டியிருக்கும் மருந்தை நினைத்துப் பாருங்கள் என்று சொன்னேன்.

ஹீட் சிங்க்கைக் கழற்றினால் பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும். எவ்வளவு? "ஓர் அரிசி அளவு" என்று வெளிநாட்டுக் குறிப்புகள் சொல்கின்றன. எந்த அரிசி என்று அவர்களுக்குக் கேள்வியே வரவில்லை. சீரகச் சம்பா போதாது. பொன்னியைவிடக் கொஞ்சம் பருமனான இட்லி அரிசி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆணிகளை எதிரெதிர் மூலையாக அழுத்துங்கள். நான்கும் "டிக்" என்று சொல்ல வேண்டும். போர்டின் பின்புறம் நான்கு முனைகளும் ஒரே மாதிரி வெளியே வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். முதன்முறையாகச் செய்பவர் என்றால் இந்த ஒரு வேலைக்கு அனுபவமுள்ளவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. தூசி தட்டுவதற்கு யாரும் தேவையில்லை.

சூடாகிறதே என்று பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, பெடஸ்டல் ஃபேனைத் திருப்பி வைத்து ஓட்டும் பழக்கத்தையும் விடுங்கள். ஒரே அறுவடையில் இரண்டு வருடத் தூசி சேரும், பல்லியும் எறும்பும் குடிவரும். அதைவிடக் கேபினட் இருக்கும் இடத்தை மாற்றலாம். பழைய கம்ப்யூட்டர் டேபிள்களில் மூன்று பக்கமும் பலகை அடைத்த ஓர் அறைக்குள் கேபினட்டை வைப்போம் அல்லவா? அங்கே வெளியே தள்ளிய சூட்டையே அது மறுபடி உறிஞ்சுகிறது. பின்னால் ஒரு சாண் இடைவெளி, தரையிலிருந்து ஓர் அடி உயரம் கொடுங்கள். ஓடும்போது துணி உறை போடாதீர்கள்.

கடைக்காரர்கள் மீதும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. சத்தம் என்று கொண்டு போனால் "எஸ்.எம்.பி.எஸ். மாத்தணும்" அல்லது "ஃபார்மட் அடிச்சிடலாம்" என்று ஆரம்பிக்கிறவர்கள் இருக்கிறார்கள். விண்டோஸை ஃபார்மட் செய்தால் சுணை உதிராது. ஆனால் கடையை மட்டும் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஒவ்வொரு குடும்பத்திலும் அண்ணன், மாமா மகன், சித்தப்பா பையன் என்று என்னைப் போல ஒரு என்ஜினியர் இருக்கிறோம். கம்ப்யூட்டரைப் பார்க்காமலே போனில் வைத்தியம் சொல்கிறோம். எங்களிடம் கேளுங்கள், ஆனால் நாங்கள் சொன்னதைச் செய்வதற்கு முன் இரண்டு எண்களைக் கேட்கச் சொல்லுங்கள்: இப்போது எத்தனை டிகிரி? வாங்கிய அன்று எத்தனை டிகிரி?

இரண்டாவது எண்தான் எங்கள் வீட்டில் இல்லாமல் போனது. 2021ல் அசெம்பிள் செய்த அன்றே பயாஸ் பக்கத்தில் காட்டிய வெப்பத்தையும் ஃபேன் சுற்றையும் நான் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால், இறங்காத அந்த ஆணி அன்றே தெரிந்திருக்கும். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள் கடையை விட்டுக் கிளம்புவதற்கு முன் அசெம்பிள் செய்தவரிடம் இதைக் கேட்டு வாங்குங்கள். பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். அவருக்கு ஐந்து நிமிட வேலை.

எங்கள் கம்ப்யூட்டர் ஆணியை அழுத்தி, பேஸ்ட் மாற்றி, தூசி தட்டிய பின் சும்மா இருக்கும்போது 47, வீடியோ காலில் 70க்குள் நின்றது. சைலன்ட்டை எடுத்துவிட்டேன். தங்கை கேபினட் தகட்டின் உட்புறம் ஒரு தாளை ஒட்டி அந்த எண்களை எழுதி வைத்தாள். அடுத்த ஆண்டு வேறொரு நிறுவனத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. அந்த முதல் தேர்வு பற்றி அவள் பேசுவதில்லை, நானும் எடுப்பதில்லை.

இப்போது அந்தக் கம்ப்யூட்டரில் உட்காருவது அப்பாதான். மேட்டூர் நீர்மட்டம் பார்ப்பார், பழைய படம் பார்ப்பார். சென்ற மாசியில் அவரிடமிருந்து போன். "சத்தம் மாறிடுச்சுடா. இரைச்சல் இல்ல, டர்ர்னு உரசுற சத்தம்." எத்தனை டிகிரி என்று கேட்டேன். "49. அது சரியாத்தான் இருக்கு, தாள்ல பார்த்தேன். தொறந்து பார்க்கிறேன் இரு" என்று போனை வைத்துவிட்டார். கால் மணி நேரம் கழித்து அவரே அழைத்தார். ஒரு ஒயர் நழுவி ஃபேன் இறக்கையில் உரசிக்கொண்டிருந்ததாம், தங்கையின் ஹேர் பேண்டால் ஓரமாகக் கட்டிவிட்டாராம். உள்ளே இரண்டு பல்லி முட்டையும் இருந்ததாம்.